இசை மாணவரும் தமக்கென ஒரு துறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் இசையைப் பற்றிச் சில சொல்லுமாறு எம்மைக் கேட்டிருக்கிறார்கள். இசையின் பெருமையைப் பேசுவது எளிது. குழந்தையும் பசுவும் பாம்பும் இசைக்கு மயங்கும் என்று தொடங்கி, ஒரு மணி நேரம் பேசி, கைதட்டலும் பெற்று இறங்கிவிடலாம். அந்தப் பேச்சை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இச்சபையில் இருக்கும் இளைஞரிற் சிலர் பல்கலைக்கழகத்தில் இசை பயில்கிறார்கள். சிலர் பயில எண்ணியிருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆதலின் இன்று அவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தையே எடுத்துக்கொண்டோம். பட்டப்படிப்புக் காலத்தில் இசை மாணவர் ஒருவர் தமக்கென ஒரு தனித்துறையை எவ்வாறு வளர்த்துக்கொள்ளலாம் என்பதே அது.

நமது நாட்டில் இசைக்கல்விக்கு இடமில்லை என்று இனிச் சொல்ல முடியாது. சிதம்பரத்தில் அண்ணாமலை அரசரின் முயற்சியால் 1929இல் இசைக் கல்லூரி எழுந்தபோது, இங்கிருந்து இசை கற்க விரும்பியவர்கள் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அகடமி தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான் அதன் அதிபராக இருந்து கற்பித்தார். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்து இராமநாதன் நுண்கலைக் கழகமாயிற்று. கிழக்கிலே சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றாத இசைப் பிள்ளை எந்த ஊரிலும் அரிது. ஆகவே வாசல் திறந்திருக்கிறது. உள்ளே நுழைந்தவர் என்ன கொண்டு வெளியே வருகிறார் என்பதுதான் இப்போதைய கேள்வி.

பட்டம் பெற்று வரும் ஒரு வாலிபரை அழைத்து, "தம்பி, என்ன பாடம் வைத்திருக்கிறீர்?" என்று கேட்டால், இத்தனை வர்ணம், இத்தனை கீர்த்தனை, இன்ன இராகங்களில் ஆலாபனை என்று சொல்வார். அவருக்குப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். பாடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், பரீட்சை ஒன்று. கணக்கும் ஒன்றாய் இருப்பதில் வியப்பில்லை. அதிற் குற்றமுமில்லை. அடிப்படை எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் "தம்பி, உமக்கென்று என்ன வைத்திருக்கிறீர்? உம்மிடம் வந்தால் மட்டும் கிடைக்கக்கூடியது எது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால், பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வருகிறது. நான்கு ஆண்டு உழைத்த ஒருவரிடம் அந்த மௌனம் இருப்பது கவலைக்குரியது. அவருக்கு மட்டுமன்றி, அவரை நம்பியிருக்கும் ஊருக்கும் அதனால் நட்டமே.

தனித்துறை என்று நாம் சொல்லும்போது, குருவிடம் கற்றதைக் கைவிட்டுப் புதுமை செய்வது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சுருதி சேராத குரலுக்குத் தனித்துறை கிடையாது. காலப்பிரமாணம் நிற்காத கைக்கும் கிடையாது. அந்த அடித்தளத்தின் மேல், இசையின் ஒரு மூலையைத் தேர்ந்து, அதைப் பற்றி நாட்டில் வேறு எவரையும் விட அதிகம் கேட்டு, அதிகம் அறிந்து, அதிலிருந்து தாமே ஒன்றைப் படைக்கும் நிலைக்கு வருவதையே தனித்துறை என்கிறோம்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். அது நமது தேசத்து உதாரணமன்று. ஐரோப்பாவில் ஹங்கேரி தேசத்தது. ஆயினும் இசை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை.

பேலா பார்டோக் என்பவர் 1881இற் பிறந்தவர். 1899இல் புடாபெஸ்ட் நகரத்து இசைக் கலாசாலையிற் சேர்ந்து பியானோவும் இசையமைப்பும் கற்று 1903இற் படிப்பை முடித்தார். கெட்டிக்கார மாணவர். ஆனால் அந்நாளில் அவர் எழுதிய இசையில் ஜெர்மானிய மேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் சாயல் நிறைந்திருந்தது. ஹங்கேரியின் தேசவீரர் கொசூத்தைப் பற்றி அவர் அமைத்த பெரிய வாத்தியப் படைப்பும் ஜெர்மானிய நடையிலேயே நடந்தது. நாடு ஹங்கேரி, நாவு ஜெர்மனி.

1904ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஒரு கிராமத்துப் பக்கம் தங்கியிருந்தார். அங்கே குழந்தை பார்க்கும் பணிப்பெண்ணாக இருந்த லிடி டோசா என்ற இளம்பெண் பாடிய பாட்டு அவர் காதில் விழுந்தது. டிரான்சில்வேனியா நாட்டுப்புறத்தைச் சேர்ந்தவள் அவள். நகரத்து உணவுச்சாலைகளிலே "ஹங்கேரிய இசை" என்று வாசிக்கப்பட்டு வந்ததற்கும் அவள் பாடியதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவர் உடனே உணர்ந்தார். அவளை மேலும் பாடச் செய்து எழுதிக்கொண்டார். அன்று தொடங்கிய அலுவல் அவர் வாழ்நாள் முழுவதும் ஓயவில்லை.

அடுத்த ஆண்டில் ஸோல்டான் கொடாயி என்பவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. கொடாயி அவரிலும் ஒரு வயது இளையவர். இசைக் கலாசாலையில் இசையமைப்பும் பல்கலைக்கழகத்தில் மொழிகளும் ஒருங்கே கற்றவர். பாட்டைச் சேகரிப்பதற்கு ஒழுங்கு வேண்டும் என்பதை அறிந்தவர். 1905இல் ஊர் ஊராகச் சென்று சேகரிக்கத் தொடங்கிய அவர், 1906இல் ஹங்கேரிய நாட்டுப்பாடல்களின் செய்யுளமைப்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து 20 நாட்டுப்பாடல்களைப் பியானோத் துணையிசையோடு நூலாக வெளியிட்டார்கள். பாதி ஒருவருடையது, பாதி மற்றவருடையது. அப்போது ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 24. இந்தச் சபையில் இருக்கும் வாலிபரின் வயதுதான்.

பின்னர் நடந்ததையும் கவனியுங்கள். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் எடிசன் கருவியைச் சுமந்துகொண்டு அவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். 1907இல் டிரான்சில்வேனியாவின் மலைநாட்டுக் கிராமங்களிலே, ஐந்து சுரங்களால் ஆகிய மிகப் பழைய மெட்டுக்களைப் பார்டோக் கண்டார். அந்த ஐந்து சுரங்களின் நிலைகள் நமது சுத்த தன்யாசியின் சுரநிலைகளோடு ஒப்பிடத்தக்கவை என்று சொன்னால் இங்குள்ள இசை மாணவருக்கு விளங்கும். ஒரே பாட்டை மூன்று கிராமங்களிற் கேட்டால் மூன்றையும் எழுதினார்கள். எந்த வரியில் எந்தச் சுரத்தில் நிற்கிறது, வரிக்கு எத்தனை அசை என்றெல்லாம் பிரித்து வகைப்படுத்தினார்கள். ஹங்கேரியப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்கவுமில்லை. அயலிலுள்ள உருமேனிய, சுலோவாக்கியப் பாட்டுக்களையும் பார்டோக் தேடினார். 1936இல் துருக்கிக்கும் போய்ச் சேகரித்தார்.

இத்தனையும் அவருடைய படைப்பில் எவ்வாறு சேர்ந்தது? முதலில் மெட்டை உள்ளபடி எடுத்து அதற்குத் துணையிசை அமைத்தார். பிறகு அந்த மெட்டின் சாயலில் தாமே மெட்டமைத்தார். ஈற்றில் எந்த மெட்டையும் எடுக்காமலே, அந்த இசையின் மூச்சு தம் எழுத்தில் இயல்பாக வரும் நிலையை அடைந்தார். தாய்மொழி பேசுபவர் இலக்கணத்தை நினைத்துக்கொண்டா பேசுகிறார்? அதுபோன்ற நிலை. பியானோ பயிலும் பிள்ளைகளுக்காக அவர் படிமுறையாக எழுதிய "மிக்ரோகொஸ்மொஸ்" என்னும் 153 சிறு உருப்படிகள் 6 தொகுதிகளாக வந்து, இன்றும் உலகெங்கும் பயிலப்படுகின்றன. கொடாயியோ பள்ளிப்பிள்ளைகளின் இசைக்கல்விக்குத் தம்மை ஒப்படைத்து, தாய்நாட்டுப் பாட்டிலிருந்தே இசை கற்பிக்கும் முறைக்கு வழிகாட்டியானார்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பார்டோக் எதனால் வயிறு வளர்த்தார்? 1907இல் தாம் படித்த கலாசாலையிலேயே பியானோ ஆசிரியரானார். 1934 வரை, 27 ஆண்டுகள், பியானோவே கற்பித்தார். பாட்டுச் சேகரிப்பு அவருக்குச் சம்பளம் தந்த உத்தியோகமாக நெடுங்காலம் இருக்கவில்லை. உத்தியோகம் ஒரு கையிலும் துறை மறு கையிலுமாகவே அவர் வாழ்ந்தார். ஆகவே "துறையைப் பிடித்தால் பிழைப்புப் போய்விடும்" என்று அஞ்சுவதற்கும் காரணமில்லை. "துறை வந்துவிட்டாற் பணமும் வந்துவிடும்" என்று நம்புவதற்கும் காரணமில்லை. இதை இளைஞருக்கு ஒளிக்காமற் சொல்லிவிடுவது நமது கடமை.

நிற்க. நமது நாட்டிலே இப்படி ஒருவர் இல்லையா என்று கேட்கலாம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் மறக்க முடியுமா? அவர் இசைக் கல்லூரி மாணவராய் இருந்தவரல்லர். விஞ்ஞானம் படித்தவர், கணிதமும் பௌதிகமும் அறிந்தவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். சிலப்பதிகாரத்தில் வரும் யாழ் எத்தகையது, அதன் நரம்புகள் எந்த முறையிற் சுருதி கூட்டப்பட்டன என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு பல்லாண்டு உழைத்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். மூன்றில் இரண்டு பங்காக்கினாற் பஞ்சமம் பிறக்கும். இவ்வாறான கணக்கை வைத்துக்கொண்டு பழைய நூல்களின் சொற்களுக்கு ஒலியைத் தேடினார். அதன் பயனாகிய "யாழ் நூல்" 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த யூலை 19ஆந் தேதி அடிகள் இறைவனடி சேர்ந்தார். மனிதர் ஒருவரின் வாழ்நாள் ஒரு துறைக்கு எவ்வளவு மட்டுமட்டாகப் போதுகிறது என்பதை இந்த இரண்டு தேதிகளும் சொல்லும். தொடங்குவதைப் பிற்போடாதீர்கள் என்று நாம் இளைஞரிடம் வற்புறுத்துவது இதனாலேயே.

அடிகளின் யாழாராய்ச்சியில் உடனிருந்து உதவிய இளைஞர் வீ.ப.கா. சுந்தரம். அந்த இளைஞரே பின்னாளில் "தமிழிசைக் கலைக்களஞ்சியம்" என்ற பெருநூலைத் தனியொருவராய் ஆக்கினார். அண்ணாமலையில் இசை பயின்ற எஸ். இராமநாதன், பாடகராய் விளங்கிக்கொண்டே சிலப்பதிகாரத்து இசையைத் தம் துறையாக்கிக்கொண்டார். அதே பொருளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாட்டு வேறு, ஆராய்ச்சி வேறு என்று எண்ணுகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி, எந்தத் துறையை எடுப்பது? இளைஞர் பலர் இக்கேள்வியோடு வானத்தைப் பார்க்கிறார்கள். வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீதிக்குப் போனாற் போதும். நமது சுற்றுவட்டாரத்திலே ஆள் இல்லாமற் கிடக்கும் துறைகள் சிலவற்றை மட்டும் சொல்லுகிறோம்.

முதலாவது பண்ணிசை. தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். இன்றைய வழக்கில் தக்கராகம், தக்கேசி என்ற இரு பண்களும் காம்போதியிலேயே பாடப்படுகின்றன. நட்டராகம், சாதாரி என்ற இரண்டும் பந்துவராளியிலே பாடப்படுகின்றன. பெயர் இரண்டாயிருக்க இராகம் ஒன்றாயிருப்பது ஏன்? பழங்காலத்தில் அவற்றிடையே வேறுபாடு இருந்திருக்கத்தானே வேண்டும்! அந்த வேறுபாட்டின் சுவடு ஓதுவார்களின் பாட்டில் ஏதேனும் சொல்லாட்சியிலோ பிடியிலோ மிஞ்சியிருக்கிறதா? சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதற் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி வந்திருக்கிறது. பெரியவர்கள் பலர் உழைத்திருக்கிறார்கள். ஆயினும் ஒரே பதிகத்தைப் பத்து ஓதுவார்கள் பாடக் கேட்டு, சுரப்படுத்தி, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு இன்னும் எத்தனையோ மாணவர் வேண்டும். கோவிலிலே நாள்தோறும் காதில் விழுவதுதானே என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

இரண்டாவது, யாழ்ப்பாணத்துக் கோவில்களிற் பாடப்படும் திருவூஞ்சற் பாட்டு. ஊருக்கு ஊர் தம் கோவில் மூர்த்திமேல் ஊஞ்சல் பாடுவித்திருக்கிறார்கள். எச்சரிக்கை, பராக்கு, லாலி, மங்களம் என்று அதனோடு தொடர்ந்து வரும் உருப்படிகளும் உண்டு. சொற்கள் அச்சிலே இருக்கின்றன. மெட்டு அச்சிலே இல்லை. அது பாடுவோர் தொண்டையில் இருக்கிறது. அவ்வாறே புராணபடனம். கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் அந்த முறையிலே, செய்யுளின் கருத்துக்கேற்ப வாசிப்பவர் இராகத்தை மாற்றும் சாதுரியம் ஒன்று இருக்கிறது. சோகத்துக்கு எது, யுத்தத்துக்கு எது, வருணனைக்கு எது என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தமக்கு முன் வாசித்தவரிடம் கேட்டுப் பெற்றார். அதைக் கேட்டுப் பெற இன்று பக்கத்தில் இருப்பவர் யார்?

மூன்றாவது தவில். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரத்தாலும் தவிலாலும் பெயர்பெற்ற ஊர்கள். 1933 முதல் 1975 வரை வாழ்ந்த தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழகத்து வித்துவான்களே வியந்தார்கள். அவருடைய கணக்குகளையும் சொற்களையும் ஒலிப்பதிவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதி, எங்கே மரபு, எங்கே அவருடைய சொந்தக் கற்பனை என்று பிரித்துக் காட்டுவது லயம் பயிலும் மாணவர் ஒருவரின் ஆயுள் முழுவதற்கும் போதிய பணி.

நான்காவது கூத்திசையும் தொழிற்பாட்டும். மட்டக்களப்பிலே வடமோடி, தென்மோடி. இங்கே காத்தவராயன் கூத்து. கிழக்கிலே வைகாசியிற் கண்ணகை அம்மன் கோவில்களிற் படிக்கப்படும் வழக்குரை, குளிர்த்திப் பாடல். கடற்கரையிலே வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு. 1960களிற் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்ற கூத்துக்களை மேடையேற்றியபோது, படித்தவர்கள் கூத்தாடுவதா என்று முகஞ்சுளித்தவர்களும் வாயடைத்துப் போனார்கள். அந்த மாணவரிலே இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதியானார், பேராசிரியருமானார். மாணவப் பருவத்து ஆட்டம் ஒருவரின் ஆயுட்காலத் துறையாக மலர்ந்ததற்கு இதைவிடக் கிட்டிய சான்று வேண்டுமா?

இனிச் செய்முறைக்கு வருவோம். நான்கு ஆண்டுப் படிப்பை எப்படிப் பங்கிடலாம் என்று கேட்டால், எமது யோசனை இதுதான்.

முதலாண்டில் துறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். விடியற்காலைச் சாதகமும் கேள்வியுமே அந்த ஆண்டின் வேலை. சரளி வரிசையை மூன்று காலத்திற் சுத்தமாகப் பாடத் தெரிந்தவர் கிராமத்துக் கிழவியின் பாட்டிலும் சுரத்தைக் காண்பார். தெரியாதவர் அதைக் கேலி செய்வார். கேட்கும்போது, தமக்குப் பிடித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்பதோடு, பிடிக்காததையும் பொறுமையாகக் கேட்டுப் பழக வேண்டும்.

இரண்டாம் ஆண்டிலே ஒன்றைத் தெரிந்தெடுங்கள். தெரிந்தெடுப்பதற்கு ஒரு சிறிய சோதனை சொல்லுகிறோம். எந்த இசையைப் பற்றி உங்களுக்குள்ளே விடை தெரியாத கேள்வி ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறதோ, அதுவே உங்கள் துறை. விருப்பம் இன்று இருக்கும், நாளை போகும். கேள்வி உறங்க விடாது. துறையை அகலமாக எடுக்காதீர்கள். "நாட்டார் பாடல்" என்பது துறையன்று, ஒரு சமுத்திரம். "எங்கள் ஊருக்கும் பக்கத்து நான்கு ஊருக்கும் உரிய ஊஞ்சற் பாட்டின் மெட்டுக்கள்" என்பது துறை. அதை முடிக்கவும் முடியும்.

மூன்றாம் ஆண்டு சேகரிப்புக்கு உரியது. பார்டோக் சுமந்த கருவியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. உங்கள் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி அதனினும் நன்றாகப் பதிவு செய்யும். ஆனால் அவர்கள் கையாண்ட ஒழுங்கு கருவியோடு சேர்ந்து வரவில்லையே! ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர் பெயர், வயது, ஊர், தேதி, யாரிடம் கற்றார், எந்தச் சந்தர்ப்பத்திற் பாடுவது என்பவற்றை அன்றைக்கே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வாரம் எழுதலாம் என்றால் ஒருபோதும் எழுதமாட்டீர்கள். பதிவை இரண்டு மூன்று இடங்களிற் காப்பாற்றி வையுங்கள். பிறகு சுரப்படுத்துங்கள். சுரக்குறிப்பிற் கமகம் முழுவதும் அடங்காது, ஆதலின் எழுதியதைப் பாடியவரிடமே திரும்பப் பாடிக் காட்டி, "சரியோ ஆச்சி?" என்று கேளுங்கள். அவர் தலையசைத்தால் அதுவே உங்கள் பரீட்சைப் பெறுபேறு. பதிவுசெய்ய முன் அனுமதி கேளுங்கள். சில பாட்டுக்கள் சடங்குக்கு வெளியே பாடத் தகாதவை என்று அவர்கள் சொன்னால், அதற்கு மதிப்புக் கொடுத்து, கருவியை மூடிவிட்டு, காதால் மட்டும் கேளுங்கள்.

நான்காம் ஆண்டிலே படையுங்கள். சேகரிப்போடு நின்றவர் களஞ்சியக்காரர். அதுவும் உயர்ந்த தொண்டுதான். ஆனால் நீங்கள் இசை மாணவர். சேகரித்த மெட்டிலிருந்து ஒரு வர்ணமோ ஒரு தில்லானாவோ அமைத்துப் பாருங்கள். பள்ளிப்பிள்ளைகளுக்கு ஆறு சிறு பாட்டுக்கள் செய்யுங்கள். ஒரு மணி நேரக் கச்சேரியை உங்கள் துறையிலிருந்தே ஒழுங்குசெய்து, ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னர் இரண்டே வாக்கியத்தில் அது எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிட்டுப் பாடுங்கள். இறுதியாண்டிற் சமர்ப்பிக்கும் ஆய்வுக்கட்டுரையையும் இதே பொருளில் எழுதுங்கள். அப்போது கச்சேரி, கட்டுரை, கற்பித்தல் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து பெருகும். பட்டம் பெறும் நாளில் முன்பு கேட்ட கேள்விக்கு உங்களிடம் பதிலும் இருக்கும்.

ஒரு துணையையும் தேடிக்கொள்ளுங்கள். கொடாயி இல்லாமற் பார்டோக் அவ்வளவு தூரம் போயிருப்பாரோ தெரியாது. உங்கள் சுரக்குறிப்பைப் பார்த்து "இது பிழை" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய தோழர் ஒருவர் நூறு பாராட்டுக்களைவிட மேலானவர்.

இனிப் பெரியோர்களிடம் சில வார்த்தை. பிள்ளை இசை படிக்கப் போகிறேன் என்றால், "படித்து என்ன உத்தியோகம்?" என்று நாம் கேட்கிறோம். கேட்பது நியாயம்; வீட்டுப் பாரம் தெரிந்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆசிரியர் நியமனம் கிடைக்கலாம்; காலந்தாழ்த்தியும் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பறைக்குப் போகும் நாளில், பாடத்திட்டத்தை ஒப்புவிக்கும் ஆசிரியராகப் போகிறதா, தன் ஊரின் இசையைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியராகப் போகிறதா என்பதில் நமக்கும் பங்குண்டு. முப்பது பிள்ளைகள் அந்த ஆசிரியரின் வாயைப் பார்த்திருப்பார்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். பெருஞ் செலவு கேட்கவில்லை. ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் அரை மணி நேரத்தை இசை மாணவர் ஒருவரின் சொந்த முயற்சிக்கு ஒதுக்குங்கள். பேச்சாளர் ஒருவரைக் குறைத்தால் அந்த அரை மணி கிடைக்கும். அது நாமாக இருந்தாலும் வருத்தமில்லை! ஊரிலே பழைய பாட்டுத் தெரிந்த முதியவர்களின் பெயர்களை இந்த மாதத்துக்குள் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாணவரை அவர்களிடம் அழைத்துப் போகிறவர் ஊர்ப் பெரியவராக இருந்தாற் கதவு திறக்கும். முன்பின் அறியாத வாலிபர் கருவியோடு போய் நின்றால் எந்த ஆச்சியும் பாடமாட்டா. பாட வந்த முதியவருக்குச் சால்வையோடு போக்குவரத்துச் செலவையும் கொடுங்கள். அவர் பாடியதை இம்மலரிலே அடுத்த ஆண்டு அச்சிடுங்கள். அவர் பெயரும் ஊரும் அதனோடு வரட்டும்.

அன்பர்களே, நமது மக்கள் யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் இழந்தவற்றைக் கணக்கிட முடியாது. வீடு போயிற்று, சிலருக்கு ஊரும் போயிற்று. இடம்பெயர்ந்து போனவர்கள் எடுத்துச் செல்லக்கூடியதாக இருந்தவற்றுள் பாட்டும் ஒன்று. அதைச் சுமந்து வந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடச் சம்மதமில்லை என்பதில்லை. யாரும் வந்து கேட்கவில்லை என்பதே அவர்களுடைய குறை.

ஆகவே இளைஞர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டிலோ அயல்வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். கேட்டதைச் சுரப்படுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் சுரக்குறிப்பு அந்தப் பாட்டைப் பிடிக்க முடியாமல் தடுமாறுகிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். உங்கள் துறை அங்கே தொடங்கக்கூடும்.